கரட்டாயி மாவு

லைன்மேன் குணசீலன் வெங்கச்சம்பட்டி டிரான்ஸ்பார்மரில் இரண்டு வயரை இடம் மாற்றி மாட்டிவிட்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கம்பத்தை விட்டு இறங்கிய அந்தச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குத்தான் ஊரிலிருந்த மோட்டாரெல்லாம் தலைகீழாகச் சுற்ற ஆரம்பித்தன. கிணற்று மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் தண்ணீர் ஏறாது, அது எல்லா ஊரிலும் நடப்பதுதான். கல் அரைக்கும் மில் தலைகீழாகச் சுற்றினால் ஒன்றும் ஆகாது, எந்தப் பக்கம் சுற்றினாலும் கல் மாவாகத்தான் போகும், அதுவும் எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆனால் வெங்கச்சம்பட்டியில், அங்கமுத்துவின் மில்லில், தலைகீழாகச் சுற்றிய உருளைக்குள் மாவு கல்லானது.

அதை முதலில் காதால் கண்டவள் இருசாயி. நாற்பத்தாறு வயது, பதினெட்டு வருஷமாக அந்த மில்லில் உருளை பார்க்கிறவள். உருளை என்றால் தண்ணீர் லாரியின் டேங்க் அளவுக்கு ஓர் இரும்பு டிரம், உள்ளே தேங்காய் தேங்காயாக இரும்புக் குண்டுகள். ஊரை ஒட்டிய பாறைக்குன்றான கரட்டிலிருந்து வெட்டி வந்த கல்லைக் கொட்டி, மூடியை முடுக்கிச் சுற்றவிட்டால் மூன்று மணி நேரத்தில் மாவு. உள்ளே என்ன நடக்கிறதென்று எட்டிப் பார்க்க வழியில்லை, அதனால் இருசாயி கடப்பாரையின் ஒரு முனையை உருளை உட்கார்ந்திருக்கும் கட்டையில் ஊன்றி, மறுமுனையைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்பாள். அந்தக் கரட்டில் இரண்டு கல் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒன்று வெங்கச்சங்கல், தட்டினால் பொறி பறக்கும். இன்னொன்று மாக்கல், நகத்தால் கீறிவிடலாம். இரண்டையும் பிரித்தெடுக்க எவனுக்குப் பொறுமை இருக்கிறது, சேர்த்தே கொட்டுவார்கள். அரை மணி நேரத்தில் மாக்கல் உதிர்ந்துவிடும். உதிர்ந்தது சும்மா கிடக்குமா? வெங்கச்சங்கல் மேலேயே போய் அப்பிக்கொண்டு, விழுகிற அடியையெல்லாம் தான் வாங்கிக்கொள்ளும். அதனால் கெட்டிக்கல் உடைய மூன்று மணி நேரம் பிடிக்கும், அதுவரை மாக்கல்லுக்கு அடி ஓயாது, குண்டும் அடிக்கும், கெட்டிக்கல்லும் குண்டோடு கூட்டுச் சேர்ந்துகொண்டு அடிக்கும், அடிபட்டு அடிபட்டு மாவுக்கும் கீழே போய், புகையாகி, மூடி இடுக்கில் கசிந்து பறந்தே போய்விடும். "கட்டிக்குடுத்த வூடு மாதிரிதான் போ" என்று இருசாயி சிரிப்பாள், சிரித்தால் இருமல் வரும், இருமி முடித்துவிட்டு மறுபடி கடப்பாரையைக் காதில் வைப்பாள்.

அன்றைக்கு விடிந்ததிலிருந்து அரைத்த கல் 'சர்ர்ர்' என்று சர்க்கரை கொட்டுகிற சத்தத்துக்கு வந்த நேரத்தில் கரண்டு போனது. பதினோரு மணிக்குத் திரும்பி வந்ததும், இன்னும் பத்து நிமிஷம் ஓடட்டும் என்று விட்டவள், சத்தம் மாறியதைக் கேட்டு மூன்று மணி நேரம் நிறுத்தாமலே இருந்துவிட்டாள். காதில் 'சர்ர்ர்' போய் 'கடகட' வந்தது, 'கடகட' போய் 'டமார் டமார்' வந்தது, கல் கொட்டினவுடன் கேட்கிற அந்த முதல் சத்தம். நிறுத்தி மூடியைத் திறந்தால் காலையில் அவள் கொட்டிய அதே கற்கள், ஒன்றின் மேல் அவளே துப்பியிருந்த வெற்றிலைச்சாறு உட்பட, அப்படியே கிடந்தன.

"ஏம்மா இருசாயி, காலைலருந்து கரண்டத் தின்னுட்டு மில்லு கல்ல அப்படியே துப்பி வெச்சிருக்குது?" என்றார் அங்கமுத்து.

"துப்பலீங்க மொதலாளி. மாவாத்தான் இருந்துச்சு. திரும்பிக்கிச்சு."

அங்கமுத்து நம்புகிற ஆள் இல்லை. வீட்டிலிருந்து ஒரு டப்பா மிளகாய்த்தூளைக் கொண்டுவந்து உள்ளே போட்டுச் சுற்றவிட்டார். கல்லுக்குப் போல மூன்று மணி நேரம் பிடிக்கவில்லை, ஐந்தே நிமிஷம். காம்போடு, விதையோடு, பளபளவென்று ஒரு படி மிளகாய் வெளியே வந்தது. அவர் ஒன்றைக் கடித்துப் பார்த்து, கண்ணில் தண்ணீர் வர, "காரம்கூடக் கொறையல!" என்று கத்திய கத்தல் பேருந்து நிறுத்தம் வரை கேட்டது.

அப்புறம் ஊரைக் கேட்க வேண்டுமா! புதன்கிழமை விடிகாலையில் மில் வாசலில் வரிசை கோயில் தாண்டிப் போனது. ஊராட்சித் தலைவி டோக்கன் எழுதிக் கொடுத்தாள். வரிசையில் மல்லித்தூள் இருந்தது, காபித்தூள் இருந்தது, வாத்தியார் ஒருவர் கரும்பலகைத் துடைப்பானைத் தட்டித் தட்டிச் சேர்த்த சுண்ணாம்புத் தூள் இருந்தது. அது நூற்றிப்பன்னிரண்டு முழுச் சாக்பீஸாக வந்தபோது பள்ளிக்கூடமே கைதட்டியது. உளுந்தும் அரிசியும் கலந்த மாவைப் போட்டவளுக்கு உளுந்து தனி, அரிசி தனியாக வந்தது. "இனிமே புளிச்ச மாவுக்குக் கவலை இல்லடி" என்று பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி அடித்துக்கொண்டார்கள். ஒருவன் உடைந்த செல்போனைக் கொண்டுவந்து திட்டு வாங்கிக்கொண்டு போனான், ஏனென்றால் அரைத்ததுதான் திரும்பும், உடைத்தது திரும்பாது, எரித்தது திரும்பாது. ஒரே நாளில் இந்தச் சட்டமெல்லாம் ஊருக்கு மனப்பாடம். ஆச்சரியப்படக்கூட ஒருவருக்கும் நேரமில்லை, அவரவர் வீட்டில் அரைத்து வைத்தது என்ன இருக்கிறதென்று தேடவே பொழுது சரியாக இருந்தது.

ஊரே குதித்துக்கொண்டிருக்க, இருசாயி மட்டும் இடுப்புச் சுருக்குப் பையைப் பொத்திக்கொண்டு நின்றாள். அதற்குள், வெற்றிலைக்கும் பாக்குக்கும் அடியில், ஒரு வெள்ளிக் கண் இருந்தது.

நான்கு வருஷத்துக்கு முந்தைய மார்கழியில் ஒன்பது நாள் விடாமல் மழை பெய்தது. கரட்டடியில் ஊர்த் தெய்வம் கரட்டாயி இருந்தாள், முழங்கால் உயர மாக்கல், முகம் கிடையாது, கை கால் கிடையாது, மஞ்சள் பூச்சும் இரண்டு வெள்ளிக் கண்ணும்தான் அவள். மழையில் மஞ்சள் கரைந்தது, மண் சரிந்தது, அவள் உருண்டு கீழே மில்லுக்கு வெட்டிப் போட்டிருந்த கல் குவியலோடு கலந்துபோனாள். சேறு அப்பிய கல்லோடு கல்லாக இருசாயி தள்ளுவண்டியில் அள்ளி உருளையில் கொட்டினாள். மூன்று மணி நேரம் கழித்து மாவை வழிக்கும்போது குண்டுகளுக்கு நடுவில் நசுங்கின ஒரு வெள்ளிக் கண் அவளை முறைத்துப் பார்த்தது, இன்னொன்று மாவோடு மாவாக அரைபட்டுப் போயிருந்தது. ஐயோ, சட்டென்று அதைச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள், யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்த மாவைத்தான் அங்கமுத்து பொங்கலுக்கு ஊர் முழுக்கக் கோலமாவாக ஓசியில் கொடுத்தார். அந்தப் பொங்கலில் வெங்கச்சம்பட்டியில் கரட்டாயி இல்லாத வாசல் இல்லை, அவளை மிதிக்காத கால் இல்லை.

ஆத்தாளைக் காணோம் என்றதும் ஊர் யாரைப் பிடித்தது தெரியுமா? கல்சட்டி செதுக்குகிற மாதையனை. மாக்கல் வேலை செய்கிறவன் அவன் ஒருவன்தானே, ஆத்தாளைச் சட்டியாகக் குடைந்து விற்றுவிட்டான் என்று யாரோ சொல்ல, அவ்வளவுதான், வீட்டுக்கு வீடு கல்சட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் அவன் வாசலில் அடுக்கினார்கள். குழம்பு வைத்த சட்டி ஆத்தாளாக இருந்துவிட்டால்? சிலர் சட்டிக்குச் சூடம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு வைத்தார்கள். மாதையன் அடித்துச் சத்தியம் பண்ணினான், யார் கேட்டார்கள். எட்டாம் நாள் அவனும் அவன் மனைவி மங்கையும் அரூர்ப் பக்கம் போய்விட்டார்கள். மங்கை இருசாயியோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள். பேருந்து ஏறும்போது, "நீ மட்டுமாச்சும் நம்புற இல்ல?" என்று கேட்டாள். இருசாயி தலையை ஆட்டினாள். இன்றைக்குச் சொல்லலாம் நாளைக்குச் சொல்லலாம் என்று நான்கு வருஷம், அந்தத் தலையாட்டல் ஒன்றுதான் அவளைத் தூங்கவிடாமல் அரைத்தது.

புதன்கிழமை மத்தியானம் லைன்மேன் குணசீலன் வந்தான். மூன்று நாளில் மஞ்சள் காடு காய்ந்துவிடும், தண்ணீர் ஏறவில்லை என்று விவசாயிகள் அவனைச் சுற்றி நின்று கத்தினார்கள். "மேல கேட்டாச்சு. வெள்ளிக்கிழம பன்னெண்டு மணிக்கு வயர மாத்திருவேன்" என்றான்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி. இருசாயி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அவளுக்கு வேண்டிய ஒன்றே ஒன்று உலகத்தில் இந்த உருளைக்குள்தான் இருந்தது, அதுவும் இன்னும் இரண்டு நாளைக்குத்தான். கல் கொட்டுகிற பலகை மேல் ஏறி நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. கரட்டாயிய மாதையன் எடுக்கல. நான் அரைச்சிட்டேன்" என்று சொல்லி வெள்ளிக் கண்ணைத் தூக்கிக் காட்டினாள்.

வரிசை அப்படியே நின்றது. மிளகாய் மூட்டையை ஒருவன் கீழே வைத்தான். முதலில் ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள், "நாசமாப் போக, நாலு வருஷமா ஒரு மழ உருப்படியா பேஞ்சுச்சா!" என்றாள். ஆளாளுக்கு ஏசினார்கள். இருசாயி இறங்காமல் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். கடைசியில் பூசாரி பச்சையண்ணன் முன்னால் வந்து, கண்ணை வாங்கிப் புரட்டிப் பார்த்து, "ஆமா, இது எங்கப்பன் செஞ்சு போட்ட கண்ணுதான்" என்றார். அப்புறம் உருளையைப் பார்த்தார். அப்புறம் இருசாயியைப் பார்த்தார். "அரச்சதுன்னா... திரும்புமே?"

திரும்புமே! அந்த ஒரு சொல் வரிசையில் தலையிலிருந்து வால்வரை ஓடியது. திட்டிக்கொண்டிருந்த வாயெல்லாம், "கோலமாவு டப்பா எங்கடி?", "அடியில ஒரு கை இருக்கும்", "நாலு வருஷமாச்சே, கரைஞ்சு போயிருக்குமே" என்று மாறிவிட்டது.

"கெட்டிக்கல்லுத்தூளு வாசல் மண்ணோட கெடக்கும், கூட்டி அள்ளுங்க" என்று இருசாயி பலகை மேலிருந்து கத்தினாள். "ஆத்தா மாக்கல்லு. அவ போட்ட எடத்துல இருக்க மாட்டா, பறந்துருப்பா. கீழ பாக்காதீங்க, மேல பாருங்க!"

வியாழக்கிழமை வெங்கச்சம்பட்டி முழுக்க ஏணி மேல் இருந்தது. விட்டத்தில், ஓட்டுச் சந்தில், மின்விசிறி இறக்கையில், சாமி படத்து உச்சியில், டிவி பெட்டியின் முதுகில், பள்ளிக்கூடத்து மணியின் உள்வயிற்றில், ரேடியோ செட்டுக்காரரின் குழாயில், எங்கெல்லாம் வெள்ளைத் தூசி இருந்ததோ அங்கெல்லாம் ஈரமில்லாத துணியால் தொட்டுத் தொட்டு எடுத்தார்கள். யாருக்கும் தும்மல் வரக் கூடாது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். முந்தின நாள்வரை ஒட்டடை என்று திட்டியதை இன்றைக்கு வாழையிலையில் ஏந்தி, "பாத்து வா ஆத்தா, படி இருக்குது" என்று சொல்லிக்கொண்டு இறங்கினார்கள். சண்டை போட்டுப் பத்து வருஷம் பேசாத அண்ணன் தம்பி, நடுச்சுவர் மேல் இருந்த தூசி யாருடையது என்று வழக்கில்லாமல் ஆளுக்குப் பாதி எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் மில் முற்றத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு குவியல், அதைச் சுற்றிப் புடவைகளைத் திரையாகக் கட்டிக் காற்றை மறித்தார்கள். ஊருக்கு ஒரே கொண்டாட்டம், பொரிகடலை வந்துவிட்டது, பலூன்காரன்கூட வந்துவிட்டான்!

இருசாயிக்கு இன்னொரு வேலை இருந்தது. அங்கமுத்துவின் போனை வாங்கி நம்பரை அழுத்தினாள்.

"மங்கை, நான் இருசாயி."

அந்தப் பக்கம் அடுப்பில் ஏதோ தாளிக்கிற சத்தம் கேட்டது, இருசாயி அதற்கும் மேலே குரலை உயர்த்தினாள்.

"ஆத்தாள உம்புருசன் எடுக்கல. நாந்தான். தெரியாமத்தான் போட்டேன். தெரிஞ்சப்புறம் வாயத் தொறக்கல."

"நாலு வருசம்" என்றாள் மங்கை.

"ஆமா."

"எம்மவ கல்யாணத்துக்கு அந்த ஊருலருந்து ஒரு குஞ்சு வரல. தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் புள்ள. நாளைக்கு ஆத்தா வந்தான்னா, அவ மொதல்ல உங்க ரெண்டு பேர் மூஞ்சியிலதான் முழிக்கணும். எம்மூஞ்சிய நீ பாக்க வேணாம். வந்துட்டுப் போ."

போன் பட்டென்று நின்றது.

வெள்ளிக்கிழமை காலை அரூர்ப் பேருந்து ஒன்பதேகாலுக்கு வந்தது. மாதையன் இறங்கினான், தலை முழுக்க நரைத்திருந்தது. பின்னால் மங்கை. ஊர் இரண்டாக விலகி வழி விட்டது. பூசாரிதான் முதலில், "காப்பி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். மங்கை இருசாயி இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

தூசியை உருளைக்குள் இறக்கினார்கள். வாசல் மண்ணையும் கொட்டச் சொன்னாள் இருசாயி. "ஆத்தா மட்டும் போதாதா, இந்த மண்ணு எதுக்கு?" என்றார் அங்கமுத்து. "ஒண்ணா அரபட்டதுங்க, ஒண்ணாத்தான் திரும்பும்" என்றாள். ஒன்பதரைக்கு மூடியை முடுக்கினார்கள். உருளை தலைகீழாகச் சுற்றியது. இருசாயி கடப்பாரையைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஊரே வாயை மூடிக்கொண்டது.

பதினொன்றரைக்கு 'கடகட' வந்தது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது 'டமார்' வந்தது. ஜனம் ஓவென்று கத்தியது. இருசாயி கையை ஆட்டினாள். "அது வெங்கச்சங்கல்லு. அரைக்கயில கடைசியா ஒடைஞ்சது இப்ப மொதல்ல சேந்துக்குது. ஆத்தா மொதல்ல ஒடைஞ்சவ, கடைசியாத்தான் வருவா. இப்பத் தொறந்தா பொகையாப் போயிருவா. இன்னும் அர மணி வேணும்."

பன்னிரண்டு மணி. குணசீலன் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கம்பத்தடியில் வந்து நின்றான். அவனைத் துரத்தித் துரத்திக் கேட்ட மஞ்சள் காட்டுக்காரர்கள் பத்துப் பேரும் ஒரே குரலில், "அட என்னங்க அவசரம்! வேர்வைய ஆத்திக்கிட்டு ஏறுங்க" என்றார்கள். ஒருவர் இளநீர் சீவிக் கொடுத்தார். இன்னொருவர் அவன் செருப்பை எங்கோ எடுத்து வைத்துவிட்டார். பன்னிரண்டு இருபதுக்கு அவன் பாதிக் கம்பம் ஏறிவிட்டான். "எம் வேலை போயிரும்யா!" என்று மேலிருந்து கத்தினான்.

உருளைக்குள் டமார், டமார், டமார். இருசாயியின் காதுக்குள் கெட்டிக்கல் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தது. இருமல் நெஞ்சில் முட்டிக்கொண்டு வந்தது, அடக்கினாள், கண் பிதுங்க அடக்கினாள், ஒரு சத்தம் தவறினால் போச்சே. வந்துரு ஆத்தா, என்னை என்ன வேணாலும் பண்ணு, அந்த மங்கைக்காகவாச்சும் வந்துரு. டமார், டமார். அப்புறம், எல்லாவற்றுக்கும் அடியில், ஈரமண்ணில் காலை வைத்தது போல மெத்தென்று ஒரு 'தொப்'.

"நிறுத்துங்க!"

மூடியைத் திறந்தார்கள். வெங்கச்சங்கற்களுக்கு நடுவில், முழங்கால் உயரத்தில், சாம்பல் நிறத்தில், தூசியெல்லாம் உதறிவிட்டு எழுந்தவளாகக் கரட்டாயி உட்கார்ந்திருந்தாள். ஒரு வெள்ளிக் கண் அவள் மேலேயே இருந்தது, பளிச்சென்று மாதையனைப் பார்த்தது. குலவை கிளம்பியது பாருங்கள், கம்பத்தில் இருந்த குணசீலன் கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டான், அப்புறம்தான் கையை விட்டுவிட்டோம் என்று ஞாபகம் வந்து கம்பத்தைக் கட்டிப்பிடித்தான். மாதையன் உருளைக்குள் கை விட்டு, குழந்தையைத் தூக்குவது போல அவளைத் தூக்கி வெளியே வைத்தான். பூசாரி இன்னொரு கண்ணைப் பதித்தார்.

அப்போதுதான் பார்த்தார்கள். கண்ணுக்குக் கீழே, நடு உடம்பில், ஒரு கைப்பிடி அளவுக்குப் பள்ளம்.

"யாரு வூட்டுல தூசி குடுக்கல?" என்று கூட்டம் கொதித்தது. "எவ மறச்சு வெச்சிருக்கா, மரியாதையா எடுத்தாந்துரு!" ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்தார்கள், நான்கு வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே பார்வை. மாதையன் பள்ளத்துக்குள் விரலை விட்டுத் தடவினான். மாக்கல் அவனுக்குத் தெரியும்.

"இது யாரும் மறச்சதில்லீங்க. ஏணிக்கு எட்டாத எடம் ஒண்ணு இருக்குது, அங்க போயிருச்சு" என்றான்.

எந்த இடம் என்று யாரோ கேட்க வாயெடுத்தார்கள். அதற்குள் இருசாயி அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த இருமல் உடைந்துகொண்டு வந்தது. உருளைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து இருமினாள். அவள் ஆரம்பித்ததும் மூட்டை பிடிக்கிறவன் இருமினான், சல்லடைக்காரி இருமினாள், மில்லில் வேலை செய்கிற பதினோரு பேரும் அங்கங்கே கூட்டத்துக்குள் நின்ற இடத்திலேயே இருமினார்கள். ஊர் பள்ளத்தையும் இருமுகிற ஒவ்வொரு நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தது. அங்கமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

மங்கை பூசாரியின் கையிலிருந்து மஞ்சள் கிண்ணத்தை வாங்கினாள். கரட்டாயிக்கு உச்சியிலிருந்து பூசிக்கொண்டு வந்தாள், பள்ளத்துக்குள் மூன்று விரலை விட்டு நன்றாகப் பூசினாள். கிண்ணத்தில் மிச்சம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு எழுந்து இருசாயிக்கு எதிரே போய் நின்றாள். அடிக்கப் போகிறாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள், இருசாயியும் அப்படித்தான் நினைத்துக் கண்ணை மூடினாள். தொண்டைக் குழிக்குக் கீழே, நெஞ்செலும்பின் மேல், மஞ்சளின் ஈரம் சில்லென்று பட்டது.

"வயர மாத்தட்டுமா?" என்று கம்பத்து மேலிருந்து குணசீலன் கத்தினான்.

"மாத்துங்க" என்றாள் இருசாயி.

மாற்றினான். காட்டுக்குள் மோட்டார்கள் செருமிக்கொண்டு தண்ணீரைத் துப்பின. அதற்கப்புறம் எத்தனையோ தடவை அங்கமுத்து வயரை மாற்றி மாட்டிப் பார்த்தார், உருளை தலைகீழாகச் சுற்றியதே தவிர மாவு மாவாகவே கிடந்தது. ஆனால் அன்றைக்கு அதெல்லாம் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு இருசாயிக்கு அழுகை வந்தது, அழுகையோடு மறுபடி இருமல் வந்தது. மங்கை கையை அவள் நெஞ்சிலிருந்து எடுக்கவில்லை.

"மெதுவா இருமு புள்ள" என்றாள். "ஆத்தாளுக்கு வலிக்கும்."